தேறாதது

ஜனவரியின் மூன்றாம் புதன்கிழமை.
வடிகட்டாத வெள்ளை ஒயினை
நெஷாத்தெல் ஏரிக்கரை
முதன்முதலாய்க் குடிக்கும் நாள்.
நிலவறையில் பீப்பாயின் வாயைத் திறந்தாள் சிடோனி.
கோப்பையில் இறங்கியது
அரிசி களைந்த நீரின் நிறத்தில்.

தெளிந்ததைத்தான் தேறல் என்பார்கள்.
இது தேறாதது.
தேறாததற்கு ஒரு திருநாள் எடுக்கும் ஊர்
வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

சீட்டெழுதுவது என் வேலை.
இடப்பக்கம் ஒயின், வலப்பக்கம் உணவு.
இடப்பக்கத்தை நேற்றே எழுதிவிட்டேன்.
வலப்பக்கம் யூலிஸின் மூக்கில் இருக்கிறது.

யூலிஸ் ஏரியில் மீன் பிடிப்பவன்.
ஒரு நவம்பர் இரவில்
படகு மட்டும் கரைக்கு வந்தது.
அவன் வர மறுநாள் ஆயிற்று.
அதற்குப் பிறகு ஒன்பது வருடம்
ஒரு சொட்டும் நாக்கில் படவில்லை.
தேறிவிட்டான் என்கிறது ஊர்.
தேறிக்கொண்டிருக்கிறேன் என்பான் அவன்.
கோப்பையை மூக்கடியில் பிடித்து
இருமுறை மூச்சிழுப்பான்,
எந்த மீன், எந்தக் கறி, எந்தப் பாலாடைக்கட்டி
என்று சொல்லிவிட்டு
வாளியில் கவிழ்ப்பான்.
பிசகியது ஒரே முறை.
அதுவும் பாலாடைக்கட்டியின் தவறாம்.

இன்று வந்தான்,
பெட்டி நிறைய மீனோடும்
கழுத்தில் இரண்டு சுற்றுக் கம்பளியோடும்.
"பூக்கு" என்றான்.
மூக்கைத்தான் சொன்னான்.
ம எல்லாம் ப, ந எல்லாம் ட.
இனி அவன் பேச்சைத் திருத்தியே எழுதுகிறேன்.

மணி எட்டு. பத்துக்குக் கதவு திறக்கும்.
மூன்று கோப்பையும் ஊற்றியாயிற்று.
மூவரும் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.
நாக்கு என்று ஒன்று இருப்பதை
யாரும் சொல்லவில்லை.

சிடோனி மூன்றையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.
முதலாவதைக் குடித்துவிட்டுக்
கண்ணை மூடியபடி சொன்னாள்:
"ஈரக் கயிறு.
விடியலில் வலை இழுக்கும்போது
உன் கையில் ஒட்டுமே, அது.
பிறகு பச்சைப் பேரிக்காய், தோலோடு.
அடியில், புளித்த ரொட்டிமாவு."
"உப்பு?"
"இல்லை. வருமோ என்று நாக்கு காத்திருக்கு."
"அப்போ மீனில் கூட்டு."
எழுதினேன்:
புகையில் வாட்டிய ஏரிமீன். எலுமிச்சை இல்லை.
உப்பு வழக்கத்தைவிடக் கொஞ்சம் தூக்கல்.

இரண்டாவது இளஞ்சிவப்பு.
கவுதாரிக்கண் என்று பெயர்.
உயிருள்ள கவுதாரியா செத்ததா என்று
ஊரில் இன்னும் சண்டை ஓயவில்லை.
"பள்ளிக்கூட நாளில் உன் தங்கை
ஒளித்துவைத்துப் பூசிய உதட்டுச்சாயம்" என்றாள்.
அவன் சிரித்தான், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.
"முட்டைக்கோசு இலையில் சுற்றி
சாம்பலில் சுட்ட தொத்திறைச்சி.
கையால் தின்னச் சொல்."

மூன்றாவது சிவப்பு.
கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால்
வெயில் கடைசியாய் விட்டுப்போகும் சரிவு.
குடித்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
மறுபடி குடித்தாள்.
"என்ன?"
"நல்லாயிருக்கு."
"அது பதில் இல்லை."
"நல்லாயிருக்கு, யூலிஸ்.
இதற்கு மேல் சொன்னால்
உனக்கு ஆசை வரும்."

எங்கோ ஒரு குழாய் சொட்டியது.
அவன் மீன்பெட்டியை மூடினான்,
திறந்தான், மூடினான்.
"அதற்கு எதிரே ஒன்றும் எழுதாதே"
என்றான் என்னிடம்.

பத்து மணிக்கு ஊர் உள்ளே வந்தது,
காலணிப் பனியைப் படிக்கட்டில் உதறியபடி.
காலியாய் இருந்த வரியை
அச்சுப்பிழை என்று மூன்று பேர் சுட்டிக்காட்டினார்கள்.
ஒருவர் தன் பேனாவால்
மான்கறி என்று எழுதிக்கொண்டார்.

நான் அடுப்படிக்குப் போனபோது
யூலிஸ் மீன்தலைச் சூப்பை
ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான்.
எப்படி இருக்கிறது என்றேன்.
கிண்ணத்தை நிமிர்த்தி,
அடிவரை வழித்துக் குடித்துவிட்டு
"டல்லாயிருக்கு" என்றான்.